பேட், ராக்கெட்: மேசைப்பந்தில் கையில் இருப்பது எது?

விதித்தாள்:
அனைவருக்கும் வணக்கம். பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களின் பயன்பாட்டுக்காக மேசைப்பந்து, இறகுப்பந்து, டென்னிஸ் ஆகிய மூன்று ஆட்டங்களின் விதிகளைச் சுருக்கித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பந்தை அடிக்கும் கருவிக்கு என்ன பெயர் இடுவது என்ற இடத்தில் வேலை நின்றுவிட்டது. மூன்று ஆட்டங்களின் ஆங்கில விதிநூல்களும் அதை ராக்கெட் என்றே குறிப்பிடுகின்றன. ஆனால் நம் ஊர் மாணவர்கள் ஷட்டில் பேட், டென்னிஸ் பேட், டிடி பேட் என்றுதான் சொல்கிறார்கள். பேட் என்பது கிரிக்கெட்டுக்கும் பேஸ்பாலுக்கும் மட்டுமே உரிய சொல் என்றும், மற்றவற்றுக்கு அதைப் பயன்படுத்துவது பிழை என்றும் எங்கள் குழுவில் ஒருவர் உறுதியாக வாதிடுகிறார். கணினி மொழிபெயர்ப்பில் இட்டுப் பார்த்தபோது பேட்டுக்கு வௌவால் என்றும் ராக்கெட்டுக்கு மோசடி என்றும் விடை வந்தது. அந்த வழி அதோடு மூடப்பட்டது. இவ்விரு ஆங்கிலச் சொற்களுக்கும் இடையிலான வேறுபாடு உண்மையில் எதைப் பொறுத்தது என்பதை, ஆட்டத்தோடு நெருங்கிய பழக்கம் உள்ளவர்கள் விளக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கட்டிங்கடை:
திருச்சியில் விளையாட்டுப் பொருள் கடை வைத்திருக்கிறேன். ராக்கெட்டுகளுக்குக் கட்டிங் போட்டுக் கொடுப்பதுதான், அதாவது நரம்பு கட்டிக் கொடுப்பதுதான், பெரும்பகுதி வேலை. என் அளவில் வேறுபாடு மிக எளியது. என் இயந்திரத்தில் மாட்டி நரம்பு இழுக்கக்கூடியது ராக்கெட். அப்படி மாட்ட முடியாதது பேட். இறகுப்பந்து, டென்னிஸ், ஸ்குவாஷ், பூப்பந்து ஆகிய நான்கின் கருவிகளும் சட்டமும் நரம்பும் கொண்டவை, ஆகவே அவை ராக்கெட். மேசைப்பந்துக்கு உரியது பலகை மேல் ரப்பர் ஒட்டியது, ஆகவே அது பேட். 24 பவுண்டில் இழுக்கவா, 26 பவுண்டில் இழுக்கவா என்று மேசைப்பந்து ஆட்டக்காரரிடம் நான் கேட்பதில்லை.

ஆயினும் கடைக்கு வருபவர்கள் இந்த இலக்கணத்தின்படி பேசுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போட்டிகளில் ஆடுபவர் ராக்கெட் என்று கேட்பார். பிள்ளைக்கு வாங்க வரும் தந்தை ஷட்டில் பேட் என்று கேட்பார். இருவருக்கும் ஒரே அலமாரியிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறேன். மின்கம்பி வலை பொருத்திய கொசு பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம், வலை, கைப்பிடி என்று அதன் உருவம் முழுவதும் ராக்கெட்டின் உருவம்தான். ஆனால் அதைக் கொசு ராக்கெட் என்று கேட்டு வந்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

நடுவர்மேசை:
கடைக்கார நண்பர் சொல்லும் நரம்பு என்ற அளவுகோல் டென்னிஸுக்கும் இறகுப்பந்துக்கும் சரியாகப் பொருந்துகிறது. ஏனெனில் அவ்விரு ஆட்டங்களின் விதிகளே ராக்கெட்டை நரம்பைக் கொண்டுதான் வரையறுக்கின்றன. அடிக்கும் பரப்பு தட்டையாக இருக்க வேண்டும், குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் நரம்புகள் சந்திக்கும் இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னப்பட்டோ பிணைக்கப்பட்டோ இருக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொதுவான கருத்து. டென்னிஸில் இந்த வரையறை வந்ததே ஒரு சிக்கலால்தான். 1977-ல் ஸ்பகெட்டி ராக்கெட் என்று பெயர் பெற்ற இரட்டை நரம்புக் கருவி புகுந்து, பந்துக்குக் கணிக்க முடியாத சுழற்சியைக் கொடுத்தது. களிமண் தளத்தில் நீண்ட காலம் தோல்வியே காணாமல் வந்த அர்ஜென்டினா வீரர் கில்லெர்மோ விலாஸ், அந்த அக்டோபரில் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் ருமேனிய வீரர் இலியே நஸ்தாசேயின் கையிலிருந்த அந்தக் கருவிக்கு எதிரே ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியேறினார். அதுவரை ராக்கெட் என்றால் என்ன என்று டென்னிஸ் விதிநூல் சொல்லியிருக்கவில்லை, 1978-ல்தான் சொன்னது.

மேசைப்பந்தின் விதி முற்றிலும் வேறு திசையில் செல்கிறது. ராக்கெட் எந்த அளவிலும், எந்த வடிவிலும், எந்த எடையிலும் இருக்கலாம். ஆனால் அதன் பலகை தட்டையாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும், தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்கிறது அது. நரம்பைப் பற்றிய பேச்சே இல்லை. மரத்தைக் கொண்டு கருவியை வரையறுக்கும் இன்னொரு பெரிய ஆட்டம் கிரிக்கெட். 1979 டிசம்பரில் பெர்த் மைதானத்தில் ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு இறங்கி எழுப்பிய சர்ச்சைக்குப் பிறகு, மட்டையின் அடிக்கும் பலகை மரத்தால்தான் ஆக வேண்டும் என்பது சட்டமாயிற்று.

இதைவிட முக்கியமானது கையைப் பற்றிய விதி. கிரிக்கெட்டில் மட்டையைப் பிடித்திருக்கும் கையும் கையுறையும் மட்டையின் பகுதியாகவே கருதப்படும்; அதனால்தான் கையுறையில் பட்டு எழும் பந்தைப் பிடித்தால் ஆட்டமிழப்பு. மேசைப்பந்தில், ராக்கெட் பிடித்த கையில் மணிக்கட்டுக்குக் கீழே பந்து பட்டு எதிர்ப்பக்கம் சென்றால் அது முறையான அடி. விரலில் பட்ட பந்து என்று எதிராளி முறையிடுவதும், அது செல்லும் என்று நடுவர் விளக்குவதும் பள்ளிப் போட்டிகளில் வழக்கமாக நடப்பவை. டென்னிஸிலும் இறகுப்பந்திலும் பந்தோ இறகோ கையில் பட்டால் அந்தப் புள்ளி போய்விடும். அங்கே கை என்பது உடலின் பகுதி, கருவியின் பகுதி அன்று. ஆக, பொருளாலும் விதியின் நடைமுறையாலும் மேசைப்பந்தின் கருவி பேட் இனத்தைச் சேர்ந்தது. பெயரால் மட்டும் ராக்கெட். எங்கள் நடுவர் தேர்வுகளில் ராக்கெட் என்றுதான் எழுதுகிறோம், ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும் பேட் என்றுதான் பேசுகிறோம்.

எதிர்ப்பக்கம்:
நடுவர் ஐயா சொல்லும் கை விதி சுவையானது. ஆனால் அதை வைத்து இனம் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கருவியின் உடலைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆட்டத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பேட் உள்ள ஆட்டங்களில் ஒருவர் அடிக்க, மற்றொரு அணி பந்தை எறிந்தும் தடுத்தும் நிற்கும். பிறகு முறை மாறும். கிரிக்கெட், பேஸ்பால், ரவுண்டர்ஸ் அனைத்தும் இப்படித்தான். ராக்கெட் உள்ள ஆட்டங்களில் இருபுறமும் ஒரே கருவியை வைத்துக்கொண்டு, பந்தை மாறி மாறித் திருப்பி அனுப்புவார்கள். ஆங்கிலத்தில் பேட் என்பது வினைச்சொல்லாகவும் வழங்குவதற்கும், பேட்டிங் என்பது ஓர் அணியின் முறையையே குறிப்பதற்கும் காரணம் இதுதான். ராக்கெட்டிலிருந்து அப்படி ஒரு வினைச்சொல் ஆட்டத்துக்குள் பிறக்கவில்லை; பிறக்கத் தேவையும் இல்லை, ஏனெனில் அங்கே எல்லோரும் எப்போதும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்தக் கண்ணோட்டத்தில் மேசைப்பந்து விதிநூல் ராக்கெட் என்று எழுதியிருப்பது முழுக்கச் சரி.

கட்டிங்கடை:
ஒரு கேள்வி கேட்கிறேன். கடற்கரையில் இரண்டு பேர் மரப்பலகையால் ரப்பர் பந்தை மாறி மாறித் தட்டி ஆடும் ஆட்டத்துக்கான பொருளை ஆங்கிலேயர்கள் பீச் பேட் என்றுதான் விற்கிறார்கள். அங்கே முறை மாறுவதும் இல்லை, விக்கெட்டும் இல்லை. உங்கள் கணக்கில் அது எங்கே சேரும்?

எதிர்ப்பக்கம்:
அது என் கணக்குக்குள் வராது என்பதை ஏற்கிறேன். ஆனால் உங்கள் கணக்கிலும் ஓட்டை உண்டு. இப்போது நகரங்களில் பரவிவரும் பேடல் ஆட்டத்தின் கருவியில் நரம்பு இல்லை. துளையிட்ட கெட்டிப் பலகைதான். ஸ்பானிய மொழியில் அதைப் பாலா என்கிறார்கள். ஆங்கிலத்தில் ஆடுபவர்களும் விற்பவர்களும் அதைப் பேடல் ராக்கெட் என்கிறார்கள். உங்கள் இயந்திரத்தில் அதை மாட்ட முடியுமா?

ஆஸ்டின்வாசி:
அமெரிக்காவிலிருந்து எழுதுகிறேன். இங்கே மேசைப்பந்துக் கருவியைப் பேட் என்று சொன்னால் கேட்பவர் ஒரு கணம் விழிப்பார். அவருக்குப் பேட் என்றால் பேஸ்பால் உருளைத் தடி மட்டுமே. பொது வழக்கில் மேசைப்பந்துக்கு உரியது பேடில், அதாவது துடுப்பு. போட்டி ஆட்டக்காரர்கள் மட்டும் உலக மேசைப்பந்துச் சங்கத்தின் விதிநூலைப் பின்பற்றி ராக்கெட் என்கிறார்கள். இங்கிலாந்தில் பேட், அமெரிக்காவில் பேடில், விதிநூலில் ராக்கெட் என்று ஒரே பலகைக்கு மூன்று பெயர்கள் உள்ளன. எனவே தொடக்க இடுகையில் குறிப்பிடப்பட்ட குழு உறுப்பினர் சொல்வது அமெரிக்கக் காதுக்குச் சரி, ஆங்கிலேயக் காதுக்குச் சரியன்று.

பேடில் என்ற சொல்லுக்கு இங்கே அண்மையில் பெரிய வாழ்வு கிடைத்திருப்பது பிக்கில்பால் ஆட்டத்தால். 1965-ல் வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் ஒரு குடும்பத்தினர் இறகுப்பந்து ஆட நினைத்து, ராக்கெட்டுகள் முழுமையாகக் கிடைக்காமல் மேசைப்பந்துப் பலகைகளை எடுத்துத் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தை அடித்துத் தொடங்கியதுதான் அந்த ஆட்டம். அங்கிருந்து வந்த பேடில் என்ற பெயர் அதன் விதிநூலிலும் அப்படியே நிலைத்துவிட்டது. ஒரு கருவி எந்த ஆட்டத்திலிருந்து கடன் வாங்கப்பட்டதோ அந்த ஆட்டத்தின் உள்ளூர்ப் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. உருவமோ முறையோ மட்டும் பெயரைத் தீர்மானிப்பதில்லை.

பருத்தித்துறையான்:
துடுப்பு என்ற சொல்லைக் கண்டதும் எழுதத் தோன்றியது. இலங்கையில் நாங்கள் கிரிக்கெட்டையே துடுப்பாட்டம் என்கிறோம். மட்டை துடுப்பு, ஆடுபவர் துடுப்பாட்ட வீரர், அணி துடுப்பெடுத்தாடியது என்றுதான் வானொலியிலும் பத்திரிகையிலும் வரும். தமிழ்நாட்டு நண்பர்கள் முதன்முறை கேட்கும்போது படகுப் போட்டியா என்று கேட்பதுண்டு. நீரைத் தள்ளும் பலகையும் பந்தைத் தள்ளும் பலகையும் உருவத்தில் ஒன்றே என்பதை எங்களவர் கண்ட அதே கண்ணால்தான் அமெரிக்கரும் மேசைப்பந்துக் கருவியைக் கண்டிருக்கிறார் போலும்.

விதித்தாள் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் நூல் இங்கேயும் வாசிக்கப்படும் என்றால், ஆட்டங்களின் பெயர்களையும் கவனமாகப் பாருங்கள். தமிழ்நாட்டில் பூப்பந்து என்றால் கம்பளிப் பந்தால் ஆடும் ஆட்டம். மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகளில் பூப்பந்து என்றால் நீங்கள் இறகுப்பந்து என்று சொல்லும் பேட்மிண்டன். பூப்பந்து மட்டை என்று நீங்கள் எழுதினால் கோலாலம்பூரில் படிப்பவர் வேறொரு பொருளை வாங்கி வருவார்.

பழந்தாள்:
இந்த இழையில் எல்லோரும் இன்றைய வழக்கைக் கொண்டே வாதிடுகிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் படம் மாறிவிடுகிறது. 1874-ல் வால்டர் விங்ஃபீல்ட் என்ற இராணுவ அதிகாரி புல்தரை டென்னிஸுக்குக் காப்புரிமை பெற்று, வேண்டிய பொருள்களை எல்லாம் ஒரு பெட்டியில் அடுக்கி லண்டனில் விற்றார். கம்பங்கள், முளைகள், வலை, பந்துகள் ஆகியவற்றோடு அந்தப் பெட்டியில் இருந்தவை என்று விளம்பரம் குறிப்பிடுவது நான்கு டென்னிஸ் பேட்கள். அவை நரம்பு கட்டிய கருவிகள்தாம். இன்று நாம் ராக்கெட் என்று சொல்வனவேதாம். நம் பிள்ளைகள் டென்னிஸ் பேட் என்று சொல்லும்போது திருத்துவதற்கு ஓடிவரும் ஆசிரியர்கள், அந்த ஆட்டத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தவரே அப்படித்தான் சொன்னார் என்பதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். பேட் என்பது பழைய ஆங்கிலத்தில் தடியைக் குறித்த பொதுச்சொல். அடிக்கப் பயன்படும் எதற்கும் அது இயல்பாகப் பொருந்தியது. ராக்கெட் என்பது பிரெஞ்சு வழியாக அரண்மனை டென்னிஸோடு வந்த சொல். உள்ளங்கையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து அது பிறந்தது என்று பலர் சொல்வர். அதை மறுக்கும் அறிஞரும் உண்டு. எப்படியிருப்பினும், ஒன்று பொதுச்சொல்லாகவும் மற்றொன்று சிறப்புச்சொல்லாகவும் அருகருகே வாழ்ந்தவை. இன்றுள்ள கறாரான எல்லைக்கோடு பிறகு வரையப்பட்டது.

மேசைப்பந்தின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது. 1890-ல் இங்கிலாந்தில் டேவிட் ஃபாஸ்டர் காப்புரிமை பெற்ற மேசை டென்னிஸில் நரம்பு கட்டிய சிறிய ராக்கெட்டுகள்தாம் இருந்தன. 1900-ஐ ஒட்டிப் பிங்பாங் பித்து பரவியபோது, நீண்ட கைப்பிடியும் உடுக்கைபோல் இழுத்துக் கட்டிய தோலும் உடைய கருவிகள் வந்தன. அதற்குப் பிறகே மரப்பலகையும் அதன் மேல் முள்ரப்பரும் இடம்பிடித்தன. ஆகவே மேசைப்பந்துக் கருவி ராக்கெட்டாகப் பிறந்து பேட்டாக மாறியது. 1926-ல் உலகச் சங்கம் அமைவதற்கு முன்பே அந்த மாற்றம் நடந்துவிட்டது. ஆயினும் கருவி பிறந்தபோது இட்ட பெயரைத்தான் விதிநூல் இன்னும் சொல்கிறது. நடுவர் ஐயா சுட்டிய முரண்பாட்டுக்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன்.

தமிழுக்கு மட்டும் உரிய ஒரு கோணமும் இங்கே உண்டு. பேட்மிண்டன் என்ற பெயர் இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயரில் உள்ள ஒரு பிரபு மாளிகையின் பெயர். அதற்கும் அடிக்கும் பேட்டுக்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே எழுத்துகளில் தொடங்குகின்றன. பேட்மிண்டன் ஆடுவது பேட்டால் என்று நம் காது முடிவு செய்வதில் வியப்பில்லை.

விதித்தாள்:
மிக்க நன்றி. பழந்தாள் அவர்களின் விளக்கம் எங்கள் குழுவின் வாதத்தைத் தீர்த்துவிட்டது. டென்னிஸ் பேட் என்பதைப் பிழை என்று இனி யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் என் சிக்கலில் பாதி இன்னும் இருக்கிறது. ராக்கெட் என்று எழுதினால், விண்ணில் ஏவும் ராக்கெட்டுக்கும் அதே எழுத்துகள். ராக்கெட்டின் எடையும் நீளமும் என்று தலைப்பிட்ட பக்கத்தைப் பார்த்த தட்டச்சர், இது எந்த வகுப்பு அறிவியல் என்று கேட்டார். ரேக்கட் என்று எழுதலாம் என்றால், அப்படி ஒலிப்பவர் எவரும் இல்லை.

எதிர்ப்பக்கம்:
அந்தக் குழப்பம் ஒரு வரியைத் தாண்டி நீடிக்காது. சூழல் காட்டிக் கொடுத்துவிடும். இருந்தாலும் மூன்று ஆட்டங்களுக்கும் மட்டை என்று ஒரே சொல்லை எழுதுவதே நல்லது. தென்னை மட்டையில் தொடங்கிய சொல் கிரிக்கெட்டுக்கு ஏற்கெனவே நன்றாகப் பழகிவிட்டது. மேசைப்பந்து மட்டை, இறகுப்பந்து மட்டை என்று ஆட்டத்தின் பெயரை முன்னால் சேர்த்தால் போதும். ஜெர்மானியர் டென்னிஸுக்கும் மேசைப்பந்துக்கும் கோல்ஃபுக்கும் கூட ஷ்லேகர் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இடர்ப்பாடின்றி ஆடுகிறார்கள். ஆங்கிலம் பிரித்திருக்கிறது என்பதற்காக நாமும் பிரிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கட்டிங்கடை:
நூலில் மட்டை என்று எழுதுங்கள், எனக்குத் தடையில்லை. ஆனால் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் மட்டும் ராக்கெட் என்ற சொல்லையும் அருகில் சேர்த்துவிடுங்கள். மட்டை 12 என்று மட்டும் ஒரு பள்ளியிலிருந்து தாள் வந்தால், எந்தக் கடைக்காரரும் கிரிக்கெட் பேட்டைத்தான் கட்டி அனுப்புவார்.

விதித்தாள்:
அப்படியே செய்கிறேன். விதிப் பகுதியில் மட்டை என்றும், பொருள் பட்டியலில் ராக்கெட் என்றும், இறகுப்பந்துக்கும் டென்னிஸுக்கும் நரம்பு கட்டிய மட்டை என்று முதல் முறை மட்டும் விளக்கியும் எழுத முடிவு செய்துள்ளோம். பூப்பந்து குறித்த அடிக்குறிப்பும் சேர்க்கப்படும். மேசைப்பந்துப் பகுதியில் கை விதியை இப்படி எழுதியிருக்கிறேன், நடுவர் ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்: “ஆட்டக்காரர் மட்டையாலோ, மட்டை பிடிக்கும் கையின் மணிக்கட்டுக்குக் கீழுள்ள பகுதியாலோ பந்தைத் தொட்டால் அது அடித்ததாகக் கருதப்படும்.”

நடுவர்மேசை:
மட்டை பிடிக்கும் கை என்பதை மட்டை பிடித்திருக்கும் கை என்று மாற்றுங்கள். வழக்கமாக வலக்கையால் ஆடும் மாணவர் மட்டையைத் தவறவிட்டு வெறும் வலக்கையால் பந்தைத் தட்டினால், உங்கள் வாக்கியத்தின்படி அது செல்லும், விதியின்படி செல்லாது. மட்டை கையில் இருக்கும் கணத்தில்தான் அந்தக் கை மட்டையின் பகுதி. அதே காரணத்தால் கையை விட்டு எறியப்பட்ட மட்டை பந்தைத் திருப்பினாலும் செல்லாது. ஆகவே மட்டையாலோ என்ற இடத்திலும் கையில் பிடித்த மட்டையாலோ என்று எழுதுங்கள். கிரிக்கெட்டிலும் மட்டையிலிருந்து கையை எடுத்துவிட்ட பிறகு அந்தக் கையுறையில் படும் பந்தைப் பிடித்தால் ஆட்டமிழப்பு இல்லை.